வீட்டில் ரிப்பனுக்குச் சாயம்: முதலில் இழையைப் பாருங்கள்

சீர்வரிசைத் தட்டு அலங்கரிப்பவர்கள், ரிப்பன் எம்பிராய்டரி போடுபவர்கள், பட்டுநூல் வளையல் செய்து விற்பவர்கள் என்று கைவேலை செய்யும் எல்லோருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தத் தேவை வந்துவிடும். கல்யாணப் பெண்ணின் புடவை வெங்காயத்தோல் நிறம். ஃபேன்சி ஸ்டோரில் இருப்பதோ ரோஸ், டார்க் ரோஸ், பேபி பிங்க். பக்கத்தில் வைத்தால் மூன்றுமே ஒட்டவில்லை. வெள்ளை ரிப்பன் ஒரு ரோலும் சாயப் பொட்டலம் ஒன்றும் வாங்கி நாமே தோய்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுவது இயல்பு. தண்ணீரைக் கொதிக்கவைத்து, பொடியைக் கரைத்து, உப்புப் போட்டு, ரிப்பனை முக்கி அரை மணி நேரம் கழித்து எடுத்தால், கையுறையிலும் கரண்டியிலும் பிடித்த அளவுக்குக்கூட ரிப்பனில் நிறம் பிடித்திருக்காது. குழாய்த் தண்ணீரில் அலசினால் அந்த வெளிறிய நிறமும் போய்விடும்.

பொட்டலம் மட்டம், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். உண்மையில் பழுது பொட்டலத்தில் இல்லை. அந்தப் பொடி பருத்திக்கானது, ரிப்பன் பாலியெஸ்டர். இரண்டுக்கும் எந்த ஒட்டுறவும் கிடையாது. வீட்டுச் சாயம் பற்றிப் பேசும்போது எந்த நிறம், எந்த பிராண்ட் என்பதில்தான் பேச்சு தொடங்குகிறது. தொடங்க வேண்டிய இடம் இழை. ரிப்பன் எந்த இழையில் நெய்யப்பட்டது என்று தெரிந்துவிட்டால் எந்தச் சாயம், எவ்வளவு சூடு, வினிகரா சோடாவா என்பதெல்லாம் தானாகவே தீர்மானமாகிவிடும்.

பளபளப்பைப் பார்த்து இழையைக் கண்டுபிடிக்க முடியாது. சாட்டின் என்பது நெசவு முறை. நீளவாக்கில் ஓடும் பாவு நூல், குறுக்கே ஓடும் பல ஊடை நூல்களைத் தாண்டி நீளமாக மேலே மிதந்து நிற்பதால் அதில் ஒளி வழுக்கிப் பளபளக்கிறது. பட்டிலும் சாட்டின் உண்டு, ரேயானிலும் உண்டு. இன்று கடைகளில் ரோல் ரோலாக அடுக்கியிருக்கும் மலிவான சாட்டின் ரிப்பன் அநேகமாக எல்லாமே பாலியெஸ்டர். ஆர்கன்ஸா ரிப்பன் பாலியெஸ்டராகவும் இருக்கும், நைலானாகவும் இருக்கும்.

கண்டுபிடிக்க எளிய வழி நெருப்பு. ரிப்பன் பூ செய்பவர்கள் இதழின் ஓரத்தை மெழுகுவத்தியில் லேசாகக் காட்டிப் பிசிர் வராமல் ஒட்டவைப்பார்கள், இல்லையா? அப்படி ஓரம் உருகி ஒட்டுகிறது என்றாலே அது பருத்தியோ பட்டோ இல்லை, உருகும் செயற்கை இழை. இரண்டு அங்குலத் துண்டை இடுக்கியில் பிடித்து, கழுவுதொட்டியின் மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பாலியெஸ்டரும் நைலானும் தீயைக் கண்டு சுருங்கி, உருகி, ஆறியதும் நகத்தால் நசுக்க முடியாத கெட்டி மணியாக நின்றுவிடும். பட்டு, முடி பொசுங்கும் நாற்றத்தோடு கருகும். மிஞ்சும் கரிய உருண்டை விரலில் பொடியாகிவிடும். பருத்தியும் ரேயானும் காகிதம் போலப் பற்றி எரிந்து, மெல்லிய சாம்பலாக உதிரும். அசெட்டேட் என்ற பழைய வகை இழையில் நெய்த ரிப்பன் என்று சந்தேகமிருந்தால், அசெட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவரை ஒரு சொட்டு விட்டால் போதும், அந்த இடம் கரைந்து பிசுபிசுக்கும்.

பாலியெஸ்டர் ஏன் இப்படி அடம்பிடிக்கிறது? பருத்தி இழை நீரை உள்ளே விடும். நீரோடு சேர்ந்து சாயமும் உள்ளே போகும். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் காப்புரிமை பெற்ற பாலியெஸ்டர் இழையோ நீரை ஏற்கவே ஏற்காது. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி சாய நீர் மேலே நின்றுவிட்டு ஓடிவிடும். அதன் மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டவை, சாயம் கைபிடித்துக்கொள்ள அவற்றில் மின்னேற்றம் கொண்ட இடமும் இல்லை. இதே சிக்கல் 1920களிலேயே அசெட்டேட் இழை வந்தபோது எழுந்தது. அப்போது உண்டானவைதான் டிஸ்பர்ஸ் சாயங்கள். இவை நீரில் கரைவதில்லை, நுண்துகள்களாகப் பரவி நிற்கும். சூட்டில் இழை நெகிழும்போது அதற்குள் நுழைந்து, ஆறியதும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பின்னால் வந்த பாலியெஸ்டருக்கும் இவையே கைகொடுத்தன. ஆனால் பாலியெஸ்டர் முழுதாக நெகிழச் சுமார் 130 டிகிரி வேண்டும். ஆலைகளில் அழுத்தம் தாங்கும் மூடிய எந்திரங்களில் அந்தச் சூட்டைக் கொண்டுவருகிறார்கள். நம் வீட்டுப் பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. குக்கரில் வைத்துப் பார்க்கலாமே என்று யோசிக்க வேண்டாம். சாயம் காய்ச்சிய குக்கரில் பிறகு சோறு வைக்க முடியாது, வால்வில் துகள் அடைத்தால் ஆபத்து.

அதனால் என் முதல் ஆலோசனை எப்போதும் ஒன்றுதான்: சாயம் தோய்க்க வேண்டுமென்றால் சாயம் ஏற்கும் ரிப்பனை வாங்குங்கள். தையல் சாமான் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பாவாடை நாடாவை யாரும் ரிப்பனாக நினைப்பதில்லை. அசல் பருத்தியாக இருந்தால் அதைப் போலச் சாயம் குடிக்கும் நாடா வேறு இல்லை. இப்போது பாலியெஸ்டர் கலந்தும் வருகிறது, ஆகவே ஒரு துண்டைக் கொளுத்திப் பார்த்து வாங்குவது நல்லது. மல் துணியைக் கத்தரியால் ஒரு வெட்டு வெட்டிவிட்டு, மீதியைக் கையால் கிழித்தால் நூல் போக்கிலேயே நேராகக் கிழிந்து வரும். ஓரத்தில் நூல் பிசிர் தொங்கும் அந்த நாடாக்கள்தாம் இன்று பூங்கொத்துகளிலும் அழைப்பிதழ்களிலும் விலை உயர்ந்த பொருளாகச் சுற்றப்படுகின்றன. ஜரிகைக் கரை நைந்துபோன வெண்பட்டு வேட்டி பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தால், அதன் நடுத் துணியில் பல மீட்டர் பட்டு ரிப்பன் இருக்கிறது என்று அர்த்தம். ரேயான் நாடாவும் அருமையாக நிறம் ஏற்கும். நனைந்தால் பலம் குறைந்துவிடும் என்பதால் ஈரத்தில் அதை இழுக்கவோ முறுக்கிப் பிழியவோ கூடாது.

ரிப்பன் வளர்த்த சாயத் தொழில்

ரிப்பனுக்கும் சாயத்துக்கும் உள்ள உறவு பழையது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தைப் பார்த்தால் அது எவ்வளவு ஆழமானது என்று தெரியும். 17ஆம் நூற்றாண்டிலிருந்து அந்த வட்டாரத்தின் பெருந்தொழில் பட்டு ரிப்பன் நெசவு. நகரத்து வணிகர்கள் பட்டுநூலைக் கொடுப்பார்கள், சுற்றுக் கிராமங்களின் வீடுகளில் தறி ஓடும். ஒரே தறியில் பல ரிப்பன்களை அருகருகே நெய்யும் அமைப்பு அது. ஐரோப்பியப் பெண்களின் தொப்பி, கவுன், கூந்தல் எல்லாவற்றிலும் ரிப்பன் இருந்த காலம். ஒவ்வொரு பருவத்துக்கும் நிறம் மாறும். எனவே ரிப்பன் வணிகருக்குச் சாயக்காரர் பக்கத்துத் தெருவிலேயே தேவைப்பட்டார்.

1856இல் லண்டனில் பதினெட்டு வயது வில்லியம் பெர்கின், மலேரியா மருந்தான கொய்னா செய்யும் முயற்சியில் ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டெடுத்தார். சில ஆண்டுகளில் பிரான்சின் லியோனில் ஃபுக்சின் என்ற கருஞ்சிவப்புச் சாயம் வந்தது. லியோனிலிருந்து வந்து பாசலில் பட்டுக்குச் சாயம் தோய்த்துக்கொண்டிருந்த அலெக்சாந்தர் கிளாவெல், 1859இல் அதைத் தானே தயாரிக்கத் தொடங்கினார். பிரான்சில் ஃபுக்சின் காப்புரிமை ஒரே கையில் முடங்கியிருந்தது. சுவிட்சர்லாந்தில் அப்போது காப்புரிமைச் சட்டமே இல்லாததால் வேதியியல் தெரிந்தவர்கள் எல்லை தாண்டி வந்து தொழில் தொடங்கினார்கள். கிளாவெல் தொடங்கிய பட்டறை, கைமாறி வளர்ந்து 1884இல் சிபா நிறுவனமானது. சாண்டோஸ் 1886இல் சாய ஆலையாகத்தான் பிறந்தது. சிபாவும் கைகி என்ற இன்னொரு பாசல் நிறுவனமும் இணைந்து, பிறகு சாண்டோஸும் சேர்ந்து 1996இல் உருவானதுதான் இன்று மாத்திரை அட்டையில் நாம் பார்க்கும் நோவார்டிஸ். ஒரு மருந்து நிறுவனத்தின் வேரைத் தோண்டிப் போனால் ரிப்பன் தறியில் போய் முடிகிறது. எனக்கு இது எப்போதும் வியப்பளிக்கும் வரலாறு.

இந்தக் கதையில் நமக்கு வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. ரிப்பன் சிறு அளவில், துல்லியமான நிறத்தில், அடிக்கடி மாறி மாறித் தேவைப்படும் பொருள். ஆலை உற்பத்திக்கு அது ஒத்துவராது. ஒரு நிறத்தில் ஆயிரக்கணக்கான மீட்டர் ஓட்டினால்தான் அவர்களுக்குக் கட்டும். ஆகவே நிற அட்டையில் உள்ளதை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ராமர் பச்சையிலும் எம்.எஸ். ப்ளூவிலும் பத்தே மீட்டர் வேண்டுமென்றால் வீட்டுப் பாத்திரம்தான் வழி.

பட்டும் நைலானும்: வினிகர் பக்கம்

தொடங்குபவர்களுக்கு நான் பட்டைத்தான் சொல்வேன். பட்டு ஒரு புரதம். நீரில் சிறிது அமிலம் சேர்ந்தால் அதன் அமினோ தொகுதிகள் நேர்மின்னேற்றம் பெற்றுவிடும். அமிலச் சாயங்களோ எதிர்மின்னேற்றம் கொண்டவை. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். நைலான் செயற்கை இழைதான் என்றாலும் அதன் மூலக்கூற்றுச் சங்கிலியின் நுனிகளில் இதே அமினோ தொகுதிகள் உண்டு. அதனால் நைலான் ஆர்கன்ஸாவும் இதே முறையில் நிறம் பிடிக்கும். செயற்கை இழை எதற்கும் சாயம் ஏறாது என்ற பேச்சு நைலானைப் பொறுத்தவரை தவறு.

சமையலறையிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். கேசரி பவுடரில் இருக்கும் சன்செட் யெல்லோ, டார்ட்ராசின் போன்ற நிறமிகள் வேதியியல்படி அமிலச் சாயங்களே. ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி வினிகரும் அரை டீஸ்பூன் கேசரி பவுடரும் போட்டு, முன்பே நனைத்த பட்டு ரிப்பனை இறக்குங்கள். சிறு தீயில், கொதி வராமல், ஓரத்தில் நுரைக்குமிழ் கட்டும் நிலையிலேயே இருபது நிமிடம் வைத்திருங்கள். ஐந்தாவது நிமிடமே ரிப்பன் ஆரஞ்சாகியிருக்கும், பாத்திரத்து நீரோ வெளிறிக்கொண்டே வரும். பட்டுக்கென்றே விற்கும் நல்ல அமிலச் சாயமாக இருந்தால், கடைசியில் நீர் ஏறக்குறையக் குடிநீர் போலத் தெளிந்துவிடும். நிறம் அத்தனையும் ரிப்பனுக்குப் போய்விட்டது என்பதைக் கண்ணால் பார்க்கும் இடம் அது. அதே பாத்திரத்தில் பக்கத்திலேயே ஒரு பாலியெஸ்டர் துண்டையும் போட்டுப் பாருங்கள். இருபது நிமிடத்துக்குப் பிறகும் அது வெள்ளையாகவே மிதக்கும். இழைதான் தீர்மானிக்கிறது என்று இத்தனை நேரம் சொன்னதை அந்த இரண்டு துண்டுகளும் ஒரே பார்வையில் காட்டிவிடும்.

உணவு நிறமி வெயிலுக்கும் தண்ணீருக்கும் தாங்காது. ஒன்பது நாள் கொலு அலங்காரத்துக்கும் பிள்ளைகளின் பள்ளி வேலைக்கும் அது போதும். விற்பனைக்குச் செய்பவர்கள் அமிலச் சாயமே வாங்க வேண்டும். கொதிக்கவிடக் கூடாது என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 85 டிகிரியைத் தாண்டிப் புரளக் கொதித்தால் பட்டின் மினுமினுப்பு மங்கிவிடும். சட்டென்று வெந்நீரிலிருந்து பச்சைத் தண்ணீருக்கு மாற்றுவதும் வேண்டாம். பாத்திரத்திலேயே ஆறவிட்டால் மிச்சமிருக்கும் சாயமும் ஏறிக்கொள்ளும்.

பருத்தியும் ரேயானும்: சோடா பக்கம்

பருத்திக்கு இரண்டு வழி உண்டு. கடையில் பொட்டலமாக விற்கும் சாதாரணச் சாயப் பொடிகளில் பல, நேரடிச் சாயங்கள். உப்புப் போட்டுக் கொதிக்கவைத்தால் ஏறும். ஆனால் அவை இழையோடு உறுதியாக இணைவதில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் நிற்கின்றன. ஒவ்வொரு துவைப்பிலும் கொஞ்சம் கழன்று போகும். துவைக்கவே போகாத ரிப்பனுக்கு இது பெரிய குறையில்லை.

இரண்டாவது வழி ரியாக்டிவ் சாயம். 1950களின் நடுவில் மான்செஸ்டரில் ஐ.சி.ஐ. என்ற வேதிப்பொருள் நிறுவனத்தில் இயான் ராட்டீ, வில்லியம் ஸ்டீபன் என்ற இருவர், காரத்தின் துணையோடு சாயத்தைப் பருத்தி மூலக்கூற்றோடு வேதிப் பிணைப்பாகவே இணைக்க முடியும் என்று காட்டினார்கள். பெர்கினின் ஊதாவுக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து 1956இல் அது புரோசியான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஏறிய நிறம் பருத்தியின் பகுதியாகவே ஆகிவிடுகிறது. இன்று திருப்பூர் பனியன் முதல் பாத்திக் துணி வரை இந்தக் குடும்பச் சாயங்கள்தாம். வீட்டு வேலைக்குக் கேட்டு வாங்க வேண்டியது கோல்ட் பிராண்ட் எனப்படும் வகை. சூடு தேவையில்லை, அறை வெப்பமே போதும். குளிர் நாடுகளில் வாளியைப் போர்வையால் சுற்றி வைப்பார்கள். நம் ஊரில் மார்கழியிலும் அந்தக் கவலை கிடையாது. ஹாட் பிராண்ட் என்பது வேறு, அதற்கு வெந்நீர் வேண்டும். கடையில் சொல்லி வாங்காவிட்டால் மாறிவிடும்.

ரிப்பன் வேலையில் பெரிய தொல்லை அளவு. துணிக்கான குறிப்புகள் கிலோ கணக்கில் இருக்கும், நம் கையில் இருப்பதோ சில கிராம். பத்து மீட்டர் பருத்தி நாடா 15 கிராம் எடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர நிறத்துக்குத் துணி எடையில் 2 சதவீதம் சாயம் வேண்டும், அதாவது 0.3 கிராம். சமையலறைத் தராசில் இது நிற்காது. அதனால் பொடியை நேரடியாக எடை போடாமல் கரைசலாக்கிக்கொள்ள வேண்டும். 5 கிராம் சாயத்தை 500 மில்லி தண்ணீரில் கரைத்தால் ஒவ்வொரு மில்லியிலும் 0.01 கிராம் சாயம் இருக்கும். இப்போது 0.3 கிராம் என்பது 30 மில்லி. மருந்துக் கடையில் ஊசி இல்லாத சிரிஞ்சு வாங்கி அளந்து எடுத்துவிடலாம். வெளிர் நிறத்துக்கு அரை சதவீதம் என்றால் ஏழரை மில்லி. மஞ்சள் 20, நீலம் 10 என்று சிரிஞ்சில் அளந்து கலக்கும்போது அதே பச்சையை மறுபடியும் கொண்டுவர முடியும். ஒரு சிட்டிகை, அரை சிட்டிகை என்று போட்டால் முடியவே முடியாது.

15 கிராம் நாடாவுக்கு 300 மில்லி தண்ணீர் போதும். அதில் அளந்த சாயத்தையும் 15 கிராம் உப்பையும் கரைத்து, நனைத்த நாடாவை இறக்கி, இருபது நிமிடம் அசைத்துக்கொண்டிருங்கள். உப்பின் வேலை சாயத்தை நீரிலிருந்து இழை பக்கம் தள்ளுவது. பிறகு 6 கிராம் சலவை சோடாவைத் தனியாக வெந்நீரில் கரைத்து ஆறவைத்து, நாடாவை ஒதுக்கிவிட்டு ஊற்றிக் கலக்குங்கள். பிணைப்பு நடப்பது இதற்குப் பிறகுதான். ஒரு மணி நேரம் விடலாம். நீலப்பச்சைச் சாயம் மந்தமானது, அது கலந்த கிளிப்பச்சை போன்ற நிறங்களுக்கு இரவு முழுதும் விடுவது நல்லது. சமையல் சோடா இந்த வேலைக்கு ஆகாது, அதன் காரத்தன்மை போதாது. சோடா சேர்ந்த சாய நீரை நாளைக்கென்று எடுத்து வைக்கவும் முடியாது. சாயம் நாடாவோடு இணைவது போலவே தண்ணீரோடும் இணைந்து வீணாகிவிடும்.

அப்படி வீணான சாயம் நாடாவிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால்தான் அலசல் முக்கியம். முதலில் பச்சைத் தண்ணீரில் உப்பும் சோடாவும் போக அலசி, பிறகு கொதிநீரில் துளி சோப்புத்தூள் போட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து, நீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ரியாக்டிவ் சாயம் போட்டும் சாயம் போகிறது என்று குறைப்படுபவர்களில் பலர் கொதிநீர் அலசலை விட்டவர்கள்.

பொடி காற்றில் பறக்கும்போது மூச்சில் போகக் கூடாது. ரியாக்டிவ் சாயத் தூள் சிலருக்கு மூச்சுத்திணறல் ஒவ்வாமையை உண்டாக்கும். மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் போட்டுக் கரைத்துவிட்டால் பிறகு பயமில்லை. சாயப் பாத்திரம் சாயத்துக்கு மட்டும்தான். பெயரில்லாத சாக்குப் பையிலிருந்து நிறுத்துத் தரும் பொடியை வாங்காதீர்கள். புற்றுநோய்க்குக் காரணமாகும் அமைன்களை வெளியிடும் சில அசோ சாயங்களை 1990களில் ஜெர்மனியும் இந்தியாவும் தடைசெய்தன. பெயரில்லாத பொடியில் என்ன இருக்கிறது என்று கேட்டு அறிய வழியில்லை.

நீளமான நாடாவின் சிக்கல்கள்

ரிப்பனைச் சாயத்தில் போடும்போது துணியில் வராத ஒரு சிக்கல் உண்டு: அதன் நீளம். அப்படியே உருட்டிப் போட்டால் பாத்திரத்திலேயே முடிச்சாகும், மடிப்புக்குள் நிறம் போகாது. நாற்காலியின் முதுகில் தளர்வாகச் சுற்றி, நான்கு இடங்களில் வெள்ளை நூலால் எட்டு வடிவில் லேசாகக் கட்டிக்கொண்டால் சிட்டம் கலையாது. இறுகக் கட்டினால் அந்த இடம் வெள்ளையாக நிற்கும். சுங்குடிக்காரர்கள் வேண்டுமென்றே செய்வது அதைத்தான். புது நாடாவில் கஞ்சியோ வேறு மொடமொடப்போ இருக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டு அதை எடுத்துவிட்டு, அரை மணி நேரம் ஊறிய ஈரத்தோடு சாயத்தில் இறக்க வேண்டும். காய்ந்த நாடா திட்டுத் திட்டாகத்தான் குடிக்கும்.

நாடாவின் இரு ஓரமும் கெட்டியாக நெய்யப்பட்டிருப்பதால் அங்கே நிறம் ஒரு சாயல் அடர்ந்து நிற்கும். காயும்போதும் அப்படித்தான். ஈரம் எங்கே முதலில் ஆவியாகிறதோ, அந்த இடத்தை நோக்கி நிலைபெறாத சாயம் நகர்ந்துகொண்டே இருக்கும். கொடியில் தொங்கவிட்டால் கீழ்முனை அடர்ந்துவிடும், கொடிக்கயிறு பட்ட இடத்தில் ஒரு கோடு விழும். சீரான நிறம் வேண்டுவோர் நன்றாக அலசிய பிறகு, துண்டின் மேல் பரப்பிப் புரட்டிப் புரட்டி உலர்த்த வேண்டும். சாயல் மாறி மாறி வரும் ரிப்பன் வேண்டுவோர் இந்த நகர்வையே பயன்படுத்தலாம். கலப்புச் சாயத்தில் ஒரு நிறம் தோய்த்த இடத்திலேயே பிடித்து நிற்கும், இன்னொன்று ஈரத்தோடு ஓடும். கத்தரிப்பூ நிறச் சாயத்தில் ரிப்பனின் நுனியை மட்டும் தோய்த்துச் சாய்த்து வைத்தால் சிவப்பும் நீலமும் தனித்தனியே பிரிந்து ஒரே நாடாவில் மூன்று சாயல் வரும். ரிப்பன் எம்பிராய்டரியில் ஒரே நாடாவால் ரோஜாவின் உள்ளிதழும் வெளியிதழும் வெவ்வேறு அடர்த்தியில் வருவது இப்படித்தான். எந்த ஆலை ரிப்பனும் இதைத் தராது. நிறம் பொருந்தவேண்டும் என்று இந்த வேலைக்கு வந்தவர்கள் அதிலேயே தங்கிவிடுவதற்கு இந்தச் சாயல்கள்தாம் காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரு நிறத்தை மட்டும் சாயப் பாத்திரத்தில் தேடாதீர்கள்: மயில்கழுத்து. பட்டுப் புடவையில் அது பாவு ஒரு நிறமும் ஊடை இன்னொரு நிறமுமாக நெய்வதால் வருவது, திரும்பும் கோணத்துக்கு ஏற்ப மாறுவது. நெய்து முடித்த வெள்ளை நாடாவைச் சாயத்தில் முக்கி அதைக் கொண்டுவர முடியாது. அந்தப் புடவைக்கு இரண்டு நிறங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பொருத்துவதே சரி.

கையில் இருப்பது பாலியெஸ்டர்தான், வேறு வழியில்லை என்பவர்களுக்கு இரண்டு வழி. செயற்கை இழைக்கென்றே விற்கும் டிஸ்பர்ஸ் சாயத்தை வாங்கி, சன்னலைத் திறந்துவைத்து, தளதளவென்று கொதிக்கும் நீரில் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்தால் வெளிர், நடுத்தர நிறங்கள் நன்றாகவே வரும். அழுத்தமான கறுப்பும் அரக்கும் வருவது கடினம். இன்னொன்று எனக்குப் பிடித்த வழி. டிஸ்பர்ஸ் சாயத்தைக் காகிதத்தில் தூரிகையால் பூசி உலரவிட்டு, ரிப்பனின் மேல் கவிழ்த்து, மேலே பேக்கிங் தாள் வைத்து, ஆவியில்லாத இஸ்திரிப்பெட்டியின் உச்சச் சூட்டில் அரை நிமிடத்துக்கு மேல் அழுத்துங்கள். சாயம் ஆவியாகி இழைக்குள் இறங்கிவிடும். கப்பிலும் பனியனிலும் படம் பதிக்கும் கடைகளில் நடப்பது இதே வேலைதான். காகிதத்தில் மங்கலாகக் கிடந்த நிறம் ரிப்பனில் பளிச்சென்று எழும்.

மஞ்சளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொதித்த மஞ்சள் நீர் பருத்தியிலும் பட்டிலும் எந்தத் துணையும் இல்லாமல் ஏறும். ஆனால் வெயிலில் விரைவாக வெளுத்துவிடும். சோப்புப் பட்டால் சிவக்கும், ஆரத்தி நீரில் சுண்ணாம்பு கலந்ததும் சிவப்பது போலத்தான். நிலைத்த இயற்கைச் சிவப்பு வேண்டுமென்றால் சோழமண்டலக் கரையின் பழைய முறை இருக்கிறது: கடுக்காய் நீரில் ஊறவைத்து, படிகாரம் ஏற்றி, சாயவேரில் காய்ச்சுவது. படிகாரத்தின் அலுமினியம் இழைக்கும் சாயத்துக்கும் நடுவில் நின்று இரண்டையும் பிணைக்கிறது. சாயவேர் கிடைப்பது அரிதாகிவிட்டதால் இன்று பலரும் மஞ்சிட்டியில் செய்கிறார்கள். அதைத் தனியாகவே எழுத வேண்டும்.

சாய நீரை எங்கே ஊற்றுவது என்ற கேள்வியைத் தமிழ்நாட்டில் யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. திருப்பூர்ச் சாயக் கழிவால் நொய்யல் கெட்டது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. அங்கே நிலத்தைக் கெடுத்ததில் நிறத்தைவிட உப்புக்குப் பங்கு அதிகம். ரியாக்டிவ் சாயத்துக்கு உப்புத் தேவைப்படுவதை மேலே பார்த்தோம். பாசலிலும் 1860களில் ஃபுக்சின் ஆலைக் கழிவிலிருந்த ஆர்செனிக் கிணற்று நீரில் இறங்கி மக்கள் நோயுற்றார்கள். வீட்டில் ஒரு கைப்பிடி உப்பும் சில மில்லி சாயமும் அந்த அளவுக்கு வராது என்பது உண்மை. இருந்தாலும் செடிக்கோ கிணற்றடியிலோ ஊற்றாமல் பாதாளச் சாக்கடை இணைப்பில் விடுங்கள். பட்டு, நைலான் வேலையில் உப்பே வேண்டாம், சாயமும் நீரில் அதிகம் மிஞ்சாது. பட்டை முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அலசி உலர்த்திய ரிப்பனை உடனே வேலையில் கட்டிவிடாதீர்கள். ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு நுனியை இருபது முறை அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் வந்தால் இன்னொரு சூட்டு அலசல் பாக்கி என்று பொருள். வெயிலுக்கு: ஒரு துண்டின் பாதியை அட்டையால் மூடிச் சன்னல் ஓரம் இரண்டு வாரம் ஒட்டிவைத்து, பிறகு அட்டையை எடுத்து இரண்டு பாதியையும் ஒப்பிடுங்கள். நேரடிச் சாயமோ கேசரி பவுடரோ போட்ட ரிப்பன் எத்தனை முறை அலசினாலும் கொஞ்சம் விடத்தான் செய்யும். அதைக் காகிதப் பெட்டியிலும் வாழ்த்து அட்டையிலும் கட்டலாம். நனைத்த மல்லிகைச் சரத்தோடு சேர்த்துப் பட்டுப் புடவையின் பக்கத்தில் வைக்கப்போகும் ரிப்பனுக்கு மட்டும் தேய்த்துப் பார்த்துத் தேறியதையே எடுங்கள்.